கணக்கு இருந்தது, கேட்க ஆளில்லை: பிரிஸ்டல் குழந்தைகள் இதய அறுவைப் பிரிவு, 1984–1995

எதற்காக இந்த ஆய்வு

மருத்துவர் ஒருவர் படித்துத் தேறி, கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டார். அதற்கப்புறம் முப்பது நாற்பது ஆண்டுகள் அவர் கை எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது? பிரிட்டனில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் ஊர் பிரிஸ்டல். அங்குள்ள ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தைகள் இதய அறுவை சிகிச்சையைப் பின்னால் ஒரு பொது விசாரணை அலசி எடுத்தது. அதில் வெளிவந்தவற்றைக் கால வரிசையில் இங்கே தருகிறேன். மருத்துவர்களின் பெயர்கள் பொது ஆவணங்களில் இருக்கின்றன. நமக்கு அவை தேவையில்லை. யார் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பது போதும்.

இதில் சோம்பேறிகளோ குடிகாரர்களோ பணம் பறித்தவர்களோ யாரும் இல்லை. அங்கிருந்தவர்கள் அக்கறையும் அர்ப்பணிப்பும் உள்ளவர்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் விசாரணை அறிக்கை அவர்களுடைய குறையைச் சொல்கிறது. கெட்ட மருத்துவர் என்றால் எப்படியும் ஒருநாள் மாட்டிக்கொள்வார். நல்லவர், உழைப்பாளி, ஆனால் இந்த ஒரு அறுவையில் மட்டும் கை போதவில்லை என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

பின்னணி

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இதய அறுவையை எல்லா மருத்துவமனைகளும் செய்ய வேண்டாம், குறிப்பிட்ட சில மையங்கள் மட்டும் செய்யட்டும், அவற்றுக்குத் தனி நிதி தருகிறோம் என்று பிரிட்டிஷ் சுகாதாரத் துறை முடிவெடுத்தது. யோசனை சரியானதுதான். அரிதான அறுவைகள் சில இடங்களில் குவிந்தால் அங்கே கை பழகும். 1984இல் பிரிஸ்டலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அங்கே வந்த குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே குறைவு. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிக்கும் தெற்கு வேல்ஸுக்கும் பக்கத்தில் ஒரு மையம் வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் அது சேர்க்கப்பட்டது. தரத்தைப் பார்த்து யாரும் சேர்க்கவில்லை.

கட்டட அமைப்பும் ஒத்துழைக்கவில்லை. குழந்தைகள் மருத்துவமனை தனிக் கட்டடம். குழந்தை இதய மருத்துவர்கள் இருந்தது அங்கே. இதயத்தைத் திறந்து செய்யும் அறுவைகளோ சற்றுத் தள்ளி இருந்த ராயல் இன்ஃபர்மரியில் நடந்தன, அதுவும் பெரியவர்களுக்கான அதே அறுவை அரங்கில், அதே தீவிர சிகிச்சைப் பிரிவில். அறுவை முடிந்த குழந்தையைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களில் பலர் பெரியவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர்கள். இரவில் குழந்தையின் நிலை மோசமானால் குழந்தை இதய மருத்துவர் வேறொரு கட்டடத்திலிருந்து வந்து சேர வேண்டும்.

சர்ஜன்கள் இரண்டு பேர். இருவருமே பெரியவர்களுக்கும் அறுவை செய்துவந்தவர்கள். குழந்தைகளுக்கென்றே முழுநேர இதய சர்ஜன் கிடையாது. மூத்த சர்ஜன் மருத்துவமனை மருத்துவர் குழுவின் தலைவராக இருந்தார். 1992இல் மருத்துவ இயக்குநரும் ஆனார். ஆக, அவரைப் பற்றிய புகார் கடைசியில் போய்ச் சேர வேண்டிய மேசை அவருடையதுதான். தலைமை நிர்வாகியும் மருத்துவம் படித்தவர், கதிரியக்க நிபுணர். மருத்துவ முடிவுகள் மருத்துவர்களுடையவை, நிர்வாகம் அதில் கை வைக்காது என்பது அவர் கொள்கை.

அன்றைய சட்ட நிலையையும் சொல்ல வேண்டும். மருத்துவர்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அப்போது விசாரிக்கக் கூடியவை இரண்டே விஷயங்கள்: மருத்துவரின் நடத்தை, மருத்துவரின் உடல்நிலை. திறமை போதவில்லை என்பது தனிக் குற்றச்சாட்டாக எழவே முடியாது. அதற்கான சட்டம் 1995இல் நிறைவேறி, 1997 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரிஸ்டலில் எல்லாம் நடந்து முடிந்தபின்.

முதலில் கண்ணில் பட்டது

1988இல் ஒரு மயக்க மருந்து நிபுணர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். லண்டனில் பெயர்பெற்ற இதய மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெற்றவர். அவர் முதலில் கவனித்தது சாவுகளை அல்ல, நேரத்தை.

திறந்த இதய அறுவையில் இதயத்தை நிறுத்திவிட்டு, உடலுக்கு ரத்தம் செலுத்தும் வேலையை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைப்பார்கள். குழந்தை எவ்வளவு நேரம் இயந்திரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இதயத் தசையும் மூளையும் சிறுநீரகமும் அடிபடும். அதனால் அரங்கில் இருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கு ஒரு கண் எப்போதும் கடிகாரத்தின் மேல் இருக்கும். லண்டனில் தான் பார்த்ததைவிட இங்கே அறுவைகள் மிக அதிக நேரம் இழுப்பதை அவர் கண்டார். அறுவை முடிந்து வெளியே வரும் குழந்தைகளும் லண்டனில் பார்த்தவர்களைவிட நலிந்திருந்தார்கள்.

சர்ஜனின் கைத்திறனை அருகில் நின்று, நாள்தோறும், வேறு இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் மயக்க மருந்து நிபுணர்தான். மற்ற சர்ஜன்கள் தங்கள் அரங்கில் இருப்பார்கள். இதய மருத்துவர் அறுவைக்கு முன்னும் பின்னும்தான் குழந்தையைப் பார்ப்பார். பெற்றோருக்குக் கதவுக்கு வெளியேதான் இடம். மருத்துவர் திறனை அளக்க எத்தனையோ ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது அவற்றில் எளிதானது.

1990இல் அவர் தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார்: குழந்தைகள் இறக்கும் விகிதம் கவலை தருகிறது. அந்தக் கடிதத்தால் ஒரு கணக்கெடுப்பும் தொடங்கவில்லை. மூத்த சர்ஜன் அவரைக் கூப்பிட்டு, இப்படி நேராக மேலே எழுதியது சரியில்லை என்று கண்டித்தார். அத்தோடு முடிந்தது. கடிதத்தில் இருந்த கேள்வி அப்படியே நின்றது. எழுதியவர் மட்டும் மருத்துவமனையில் ஒரு மாதிரி பார்க்கப்பட்டார்.

ஸ்விட்ச் அறுவை

பிரிவின் மொத்த முடிவுகளும் சராசரிக்குக் கீழேதான். ஆனால் விவகாரத்தின் மையம் ஸ்விட்ச் என்று அழைக்கப்படும் அறுவை.

சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறி அமைந்துவிடுகின்றன. நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு வந்த ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகும். ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் உடம்பையே சுற்றும். குழந்தை நீலம் பாரித்துக் கிடக்கும். பழைய சிகிச்சையில் தமனிகளைத் தொடாமல், இதயத்தின் மேலறைகளுக்குள் தடுப்புத் தைத்து ரத்தத்தின் போக்கைத் திருப்பிவிடுவார்கள். உடனடி ஆபத்து குறைவு. ஆனால் வலது கீழறை ஆயுள் முழுக்க இடது கீழறையின் வேலையைச் செய்தாக வேண்டும். வளர்ந்தபின் அது தளரும். 1980களில் பரவிய ஸ்விட்ச் அறுவை இரண்டு தமனிகளையும் வெட்டி, உரிய இடத்துக்கு மாற்றித் தைக்கிறது. முடிவு நன்றாக அமைந்தால் குழந்தைக்குக் கிட்டத்தட்ட இயல்பான இதயம்.

பெரிய தமனிகளைத் தைப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று அதில் உண்டு. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளை அடிச்சுவரோடு ஒரு சிறு பொத்தான் அளவுக்கு வெட்டியெடுத்து, புதிய மகாதமனியில் பதித்துத் தைக்க வேண்டும். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு அந்தத் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், கொஞ்சம் இழுபட்டாலும் தசைக்கு ரத்தம் நிற்கும். இயந்திரத்திலிருந்து இறக்கும்போது இதயம் துடிக்காது. தள்ளிப்போடவும் வழியில்லை, தமனிகள் மட்டும் மாறியிருக்கும் குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்குள் செய்யாவிட்டால் இடது கீழறை வலுவிழந்துவிடும்.

இளைய சர்ஜன் 1988இல் சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு ஸ்விட்ச் செய்யத் தொடங்கினார். 1992 ஜனவரியில் பச்சிளம் குழந்தைகளுக்கும் செய்ய ஆரம்பித்தார். முடிவுகள் மோசம். அது அவருக்கே தெரிந்தது, அவருக்குக் கவலையும் இருந்தது. இந்த அறுவையில் நல்ல பெயர் எடுத்த ஒரு சர்ஜனைத் தேடி பர்மிங்ஹாமுக்குப் போய், பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து செய்தார், சரிவரவில்லை. 1993இல் மறுபடி போனார். அப்புறமும் மாற்றமில்லை. பச்சிளம் குழந்தைகளுக்குச் செய்த 13 ஸ்விட்ச் அறுவைகளில் 9 குழந்தைகள் இறந்தன. 1993 அக்டோபரில் அந்த வயதினருக்குச் செய்வதை நிறுத்திக்கொண்டார். வளர்ந்த குழந்தைகளுக்குச் செய்வது தொடர்ந்தது.

தன் குறையை உணர்ந்து வேறொருவரிடம் கற்கப் போவது எல்லா சர்ஜனும் செய்கிற காரியமல்ல. அந்த அளவில் அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் எத்தனை இறப்புக்கு அப்புறம் நிறுத்துவது என்பதை அவர் ஒருவரே தீர்மானித்தார். அவர் மேசையில் யாரும் எல்லைக்கோடு போட்டு வைக்கவில்லை. புதிய அறுவையைக் கற்கும்போது தொடக்கத்தில் இழப்பு இருக்கத்தான் செய்யும் என்று அந்தக் காலத்து சர்ஜன்கள் பரவலாக நம்பினார்கள். அந்த இழப்பு தங்கள் குழந்தை என்பது பெற்றோருக்குத் தெரியாது. கையெழுத்து வாங்கும்போது பெரும்பாலும் சொல்லப்பட்டது நாட்டின் சராசரி. இந்த மருத்துவமனையில், இந்தக் கையில் நடந்தவற்றின் கணக்கு அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

கணக்குகள் எங்கே இருந்தன

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். தகவலுக்குப் பஞ்சமே இல்லை.

சர்ஜன்களிடம் சொந்தப் பதிவுகள் இருந்தன. பிரிவு ஆண்டறிக்கை தயாரித்தது. இதய சர்ஜன்களின் சங்கம் 1977இலிருந்து தேசியப் பதிவேடு ஒன்றை நடத்திவந்தது. மருத்துவமனைகள் எண்களை அனுப்பும், சங்கம் நாட்டு சராசரியைத் திருப்பி அனுப்பும். ஆனால் எந்த எண் எந்த மருத்துவமனையுடையது என்று வெளியே தெரியாது. சராசரிக்கு மேலா கீழா என்று அவரவர் தனியாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் அரசு திரட்டிய அனுமதிப் புள்ளிவிவரங்களும் இருந்தன. பின்னால் விசாரணைக்காகப் புள்ளியியலாளர்கள் இந்த இரண்டு மூலங்களையும் எடுத்து அலசியபோது இரண்டுமே ஒரே பக்கம்தான் கை காட்டின.

அப்படியானால் யாருமே ஏன் பார்க்கவில்லை? நிதி கொடுத்த சுகாதாரத் துறை, தரம் மருத்துவர் அமைப்புகளின் வேலை என்று எண்ணியது. மருத்துவர் அமைப்புகள் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தன. மருத்துவமனை நிர்வாகம் சர்ஜன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றது. சர்ஜன்கள், எங்களிடம் வரும் குழந்தைகளின் நிலை மோசம், எண்ணிக்கை குறைவு, சராசரி தானாக மேலே வரும் என்று நம்பினார்கள். ஊருக்குப் பொதுவான மாடு தண்ணீரில்லாமல் நின்றதுபோல.

1992இல் லண்டன் பத்திரிகை ஒன்று இந்தப் பிரிவைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியது. அதன்பிறகும் வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை.

மயக்க மருந்து நிபுணர் சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 1992, 1993 ஆண்டுகளில் தானே ஒரு கணக்கெடுப்பு நடத்தி, நாட்டு சராசரியோடு ஒப்பிட்டார். அந்த எண்களைப் பலரிடம் காட்டினார். ஆனால் சர்ஜன்கள் உட்பட எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் அவை மேசைமேல் வைத்து விவாதிக்கப்படவில்லை. விசாரணையின்போது அவர் செயல்பட்ட விதத்தின் மேல் கேள்வி எழுந்த இடம் இது. 1990இல் எழுதிய கடிதத்துக்குக் கிடைத்த பதிலை நினைத்துப் பார்த்தால், அவர் ஏன் காதோடு காதாகப் பேச ஆரம்பித்தார் என்பது புரியாமல் இல்லை.

1994 ஜூலையில் சுகாதாரத் துறையின் மருத்துவ அதிகாரி ஒருவர் வேறு வேலையாக பிரிஸ்டல் வந்தார். அவரோடு ஒரே டாக்ஸியில் போக மயக்க மருந்து நிபுணருக்கு வாய்ப்புக் கிடைத்தது. போகும் வழியில் எண்கள் இருந்த உறையை அவர் கையில் கொடுத்தார். அதிகாரி வாங்கிக்கொண்டார். உறையைப் பிரித்துப் படிக்கவில்லை. அலுவலகத்தில் கோப்போடு வைத்துவிட்டு, பிரச்சினை கவனிக்கப்படுகிறதா என்று மருத்துவமனைக்கே கடிதம் எழுதிக் கேட்டார். கவனிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அரசின் கைக்கு எண்கள் நேராக வந்து சேர்ந்த நாள் அது. அதற்கு அப்புறமும் ஆறு மாதம் ஓடியது.

1995 ஜனவரி 11

ஒன்றரை வயதை ஒட்டிய ஆண் குழந்தை ஒன்றுக்கு ஜனவரி 12 அன்று ஸ்விட்ச் அறுவை என்று பட்டியலில் இருந்தது. அன்றே செய்தாக வேண்டிய அவசர அறுவை அல்ல. வேறு மையத்துக்கு அனுப்ப அவகாசம் இருந்தது. மருத்துவமனையில் இருந்த இதய அறுவைப் பேராசிரியர் இது வேண்டாம் என்றார். முதல் நாள் மாலை சர்ஜன்களும் இதய மருத்துவர்களும் மயக்க மருந்து நிபுணர்களும் கூடினார்கள். ஒரு குழந்தையின் அறுவைக்கு முந்தைய இரவு இப்படி ஒரு கூட்டம் கூட வேண்டியிருந்ததே நிலைமையைச் சொல்கிறது.

கூட்டத்தில் எடுத்துக்கொண்ட கேள்வி, இந்த வயதுக் குழந்தைகளில் இதுவரை வந்த முடிவுகள் ஏற்கத்தக்கவையா என்பது. பச்சிளம் குழந்தைகளின் எண்களைத் தனியே ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை என்று பெரும்பாலோர் கருதினார்கள். அறுவை நடக்கலாம் என்று முடிவானது. கூட்டத்தில் எதிர்த்தவர் ஒருவர்தான்: அந்த மயக்க மருந்து நிபுணர். தலைமை நிர்வாகி, இது மருத்துவ முடிவு என்று ஒதுங்கிக்கொண்டார். இப்படி ஒரு கூட்டம் நடந்ததையே பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது.

அந்த முடிவுக்குக் காரணம் கல்நெஞ்சு என்று எழுதிவிட்டால் நாம் எதையும் கற்க மாட்டோம். கூடியிருந்த எல்லோரும் ஆண்டுக்கணக்காக ஒன்றாக வேலை செய்பவர்கள். செய்ய வேண்டாம் என்று சொன்னால் எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பரின் தொழிலுக்கே முற்றுப்புள்ளி என்று பொருள். அப்படிப்பட்ட சபையில் வேண்டாம் என்பது எளிதல்ல. தவிர, எண்களை எப்படிப் பிரிப்பது என்பதைப் பிரிவுக்கு உள்ளேயே இருப்பவர்கள் தீர்மானித்தார்கள். சிறு எண்ணிக்கையை வயதுவாரியாக, நோய்வாரியாகப் பிரித்துக்கொண்டே போனால் எந்தக் கூறிலும் எதுவும் நிரூபணமாகாது.

அதே காலத்தில் லண்டனில்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் கைவசம் இருக்கிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு சர்ஜன் பச்சிளம் குழந்தைகளுக்கு இதே ஸ்விட்ச் அறுவையைச் செய்துவந்தார். முதல் ஐம்பது சொச்சம் குழந்தைகளில் ஒன்றுதான் இறந்தது. அப்புறம் திடீரென்று அடுத்தடுத்து இறப்புகள். அவர் தன் அறுவைகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் முடிவையும் கூட்டிக்கொண்டே போகும் வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். மயிரிழையில் தப்பிய குழந்தைகளையும் கணக்கில் சேர்த்தார். கோடு தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஏறியதும், நல்ல முடிவுகள் தந்துகொண்டிருந்த இன்னொரு சர்ஜனிடம் போய்ப் பழகிவிட்டு வந்தார். முடிவுகள் திரும்ப மேம்பட்டன. தன் தோல்வி வரிசையை 1994இல் மருத்துவ இதழில் தன் பெயரிலேயே வெளியிட்டார்.

பிரிஸ்டல் சர்ஜனும் வேறிடம் போய்க் கற்றார், இவரும் போனார். இவரிடம் கூடுதலாக ஒரு வரைபடமும் அதை எல்லோர் முன்பும் விரித்துக் காட்டும் துணிவும் இருந்தன. அதோடு குழந்தைகளுக்கென்றே இயங்கிய மருத்துவமனையும், கை பழகும் அளவுக்கு வந்துகொண்டிருந்த குழந்தைகளும் அவருக்கு வாய்த்தன. எல்லாவற்றையும் ஒருவருடைய குணத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

தொடர்ந்து நடந்தவை

ஜனவரி மரணத்துக்குப் பிறகு வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள் பிப்ரவரியில் வந்து பிரிவைப் பரிசோதித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் மேலே சொன்ன லண்டன் சர்ஜன். 1995 மே மாதம் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்ற குழந்தை இதய சர்ஜன் ஒருவர் முழுநேரமாகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அக்டோபரில் அறுவைகள் குழந்தைகள் மருத்துவமனைக்கே மாற்றப்பட்டன. கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்த மயக்க மருந்து நிபுணர் பிரிட்டனில் இருக்க முடியாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

பெற்றோர்கள் ஒன்றுகூடி ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுத்தார்கள். கவுன்சில் 53 அறுவைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 29 குழந்தைகள் இறந்திருந்தார்கள். திறமைக் குறைவை விசாரிக்கும் அதிகாரம் அந்தக் காலத்து நிகழ்வுகளுக்குப் பொருந்தாததால், தீவிர நடத்தைத் தவறு என்ற பெயரில்தான் வழக்கு நடந்தது. முடிவுகள் மோசம் என்று தெரிந்தும் தொடர்ந்தது, தொடர விட்டது என்பதே குற்றம். 1998 ஜூனில் தீர்ப்பு வந்தது. மூத்த சர்ஜனும் தலைமை நிர்வாகியும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். இளைய சர்ஜன் மூன்று ஆண்டுகள் குழந்தைகளுக்கு அறுவை செய்யக் கூடாது என்று தடை. கத்தியே எடுக்காத நிர்வாகி நீக்கப்பட்டது பலருக்கு அதிர்ச்சி. அவர் பதிவு பெற்ற மருத்துவர் என்பதால்தான் கவுன்சிலால் அவரைத் தொட முடிந்தது. அதே நாற்காலியில் மருத்துவம் படிக்காதவர் இருந்திருந்தால் முடிந்திருக்காது.

அடுத்து பேராசிரியர் இயன் கென்னடி தலைமையில் பொது விசாரணை. 2001 ஜூலையில் வெளிவந்த அறிக்கை 198 பரிந்துரைகள் செய்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில், சராசரியான மையம் ஒன்றில் எதிர்பார்க்கக் கூடியதைவிட 30 முதல் 35 குழந்தைகள் அதிகமாக இறந்தார்கள் என்று அது கணித்தது.

அந்த வயதில் திறந்த இதய அறுவைக்குப் பின்னான இறப்பு பிரிஸ்டலில் 1991–95இல் 29 சதவீதம். 1999–2002இல் 3 சதவீதம். இதே இடைவெளியில் நாடு முழுவதற்குமான விகிதமும் 12இலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. எனவே முன்னேற்றம் முழுவதையும் பிரிஸ்டல் சீர்திருத்தத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனாலும் நாட்டின் கடைசி வரிசையில் இருந்த இடம் சில ஆண்டுகளில் முன்வரிசைக்கு வந்தது. ஊர் அதே ஊர். ஆளையும் இடத்தையும் ஏற்பாட்டையும் மாற்றியதில் வந்தது இது.

விதிகளில் வந்த மாற்றம்

மருத்துவர் தொடர்ந்து தகுதியோடு இருக்கிறார் என்பதை அவ்வப்போது உறுதி செய்ய வேண்டும் என்று கவுன்சில் இந்தக் காலத்தில்தான் கொள்கை அளவில் ஏற்றது. நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 2005இல் தொடங்கவிருந்த திட்டம் கடைசி நேரத்தில் நின்றது. காரணம் இன்னொரு விசாரணை. ஹைட் என்ற ஊரில் சுமார் 250 நோயாளிகளைக் கொன்றதாகக் கணிக்கப்பட்ட குடும்ப மருத்துவர் ஒருவரைப் பற்றி நீதிபதி ஜேனட் ஸ்மித் விசாரித்தார். ஆண்டுதோறும் சக மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதையே தகுதித் தேர்வாகக் கொள்ளும் திட்டம் மோசமான மருத்துவரைக் கண்டுபிடிக்காது என்று 2004 டிசம்பரில் வந்த அவருடைய ஐந்தாவது அறிக்கை கடுமையாகச் சொன்னது. அந்தக் குடும்ப மருத்துவர் தன் நோயாளிகளிடம் நல்ல பெயர் எடுத்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருத்தப்பட்ட ரீவேலிடேஷன் (தகுதியை மறுபடி உறுதி செய்யும்) முறை 2012 டிசம்பர் 3 அன்று தொடங்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் வேலை பார்க்கும் நம் ஊர் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பீட்டுக் கூட்டம். தொடர் கல்வி, பணித்தர மேம்பாடு, நடந்த முக்கிய அசம்பாவிதங்கள், சக ஊழியர் கருத்து, நோயாளிகள் கருத்து, புகாரும் பாராட்டும் என்று ஆறு வகை ஆதாரங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, இதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பு அதிகாரி கவுன்சிலுக்குப் பரிந்துரை அனுப்புவார். யார் பார்ப்பது என்ற பழைய கேள்விக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. அது சிறிய காரியமில்லை.

இந்த முறை 1993இல் இருந்திருந்தால் பிரிஸ்டல் சர்ஜனைத் தடுத்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. தொடர் கல்வியில் அவர் குறை வைத்திருக்க மாட்டார். பர்மிங்ஹாம் போனதையே எழுதியிருக்கலாம். சக ஊழியர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகவே எழுதியிருப்பார்கள். ஜனவரி 11 கூட்டமே சாட்சி. பொறுப்பு அதிகாரியாகப் பெரும்பாலும் மருத்துவ இயக்குநரே இருப்பார். அன்றைய இயக்குநர் யார் என்பதை மேலே பார்த்தோம். அந்த இளைய சர்ஜனைத் தடுத்திருக்கக் கூடியது, குறிப்பிட்ட அறுவையில் குறிப்பிட்ட பிரிவின் முடிவுகளை வெளியார் கணக்கெடுத்து, நோயின் கடுமைக்கு ஏற்பச் சரிசெய்து, மருத்துவமனைப் பெயரோடு வெளியிடும் ஏற்பாடு. குழந்தை இதய அறுவைக்கு அது பின்னாளில் பிரிட்டனில் வந்தது. எண்ணிக்கையும் முடிவும் தெளிவாக இருக்கும் துறைக்கு அது பொருந்தும். மனநல மருத்துவரையோ பொது மருத்துவரையோ இப்படி அளக்க முடியாது என்பதும் உண்மை.

மாற வேண்டியவை

கென்னடி அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்றை நம் மருத்துவமனைகள் சட்டம் எதற்கும் காத்திராமல் எடுத்துக்கொள்ளலாம். பழக்கத்தில் உள்ள ஒரு அறுவையை ஒருவர் முதன்முறையாகச் செய்யும்போது, அதில் தேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்து மேற்பார்க்க வேண்டும். தேவையான திறமை வந்துவிட்டது என்று உறுதியாகும் வரை இது தொடர வேண்டும். பர்மிங்ஹாமுக்கு சர்ஜன் போனதற்குப் பதில், பர்மிங்ஹாம் சர்ஜன் பிரிஸ்டல் மேசைக்கு வந்து நின்றிருந்தால் பல விஷயங்கள் சீக்கிரமே தெரிந்திருக்கும். கற்கப் போனவர் அங்கே பார்த்தது அவர்களுடைய அரங்கை, அவர்களுடைய குழுவை. தன் அரங்கில் எது குறைகிறது என்பதை அங்கே இருந்து பார்க்க முடியாது.

நிறுத்தும் எல்லையை முதல் அறுவைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அதை சர்ஜன் மட்டும் எழுதக் கூடாது. புகார் போகும் பாதையில் புகாருக்கு உரியவர் உட்கார்ந்திருக்கக் கூடாது. மயக்க மருந்து நிபுணரும் ஐசியு செவிலியரும் கேள்வி எழுப்பினால், பதிலை மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர் கல்வியைச் சொல்கின்றன. அதுவும் நல்லதுதான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான் அது எண்ணுகிறது. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவையில்) பித்தப்பை எடுக்கும் ஒரு சர்ஜனின் கையில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்குப் பித்தநாளம் வெட்டுப்பட்டது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அந்த எண் அறுவை அரங்கின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, அந்த சர்ஜனும் மயக்க மருந்து நிபுணரும் வெளி மருத்துவமனை ஒன்றின் மூத்த சர்ஜனும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்க ஒரு மதியம் போதும். யார் கூட்டுவது என்பதை மட்டும் நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.